கிளைக்கு வளையாத குண்டு

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார்கள், சனிக்கிழமை வேட்டைக்குக் குண்டு வாங்க அடெலார் மிஷோவின் கொட்டகைக்குப் போவார்கள். பாதிரியார் சொல்வதைப் பாதிப் பேர் காதில் போட்டுக்கொள்வதில்லை. அடெலார் சொன்னதை எவனும் தட்டியதில்லை.

என் தங்கை கோலெட்டைக் கட்டிய ஃபெர்னானுக்கு இந்த அடெலார் கூடப் பிறந்த அண்ணன். அந்த வகையில் எனக்கும் சொந்தம். அவனைப் பிடிக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது, பிடிக்காது என்று சொல்லவும் வராது. ஊரில் ஒருவன் எல்லாம் தெரிந்தவனாக இருந்துவிட்டால் மற்றவர்களுக்கு யோசிக்கிற வேலை மிச்சம். நாங்கள் அந்தச் சுகத்தில் இருந்தோம்.

ஆல்சிட் பெலான்ஜே ஒரு தடவை கூர்மூக்குக் குண்டு வைத்த தோட்டாப் பெட்டியை வாங்கிவந்து பெருமையாக நீட்டினான்.

"இதை எதுலடா போடப் போற?" என்றான் அடெலார்.

"என் லீவர் துப்பாக்கியிலதான். வேற எதுல?"

"உன் துப்பாக்கிக்கு அடிவயித்துல குழாய் இருக்குல்ல? தோட்டா எல்லாம் அதுக்குள்ள வரிசையா படுத்திருக்கும். முன்னாடி இருக்கிறவன் பிட்டத்துல பின்னாடி இருக்கிறவன் மூக்கு. அந்த மூக்கு ஊசியா இருந்தா என்ன ஆவும்? சுடும்போது ஒரு குலுக்கு குலுக்குனா போதும், உள்ளயே வெடிக்கும். மானுக்கு முன்னாடி நீ போய்ச் சேந்துருவே. சப்பை மூக்குக் குண்டுதான் வேணும். உன் மூக்கு மாதிரி."

கொட்டகையே சிரித்தது. ஆல்சிட் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அந்த விஷயத்தில் அடெலார் சொன்னது சரி. அவன் சொன்னதில் பெரும்பாலானவை சரிதான். வம்பே அங்கேதான் இருந்தது.

அவன் அலமாரியில் மூன்று காப்பி டின்கள் இருக்கும். முதல் டின்னில் மூக்கில் ஓட்டை போட்ட லேசான குண்டு. "இது வாயாடி. முதல் விலா எலும்புலயே வாயைப் பொளந்துரும். கிட்டத்துல சுட்டா தோள் கறி பூரா நாய்க்குத்தான்" என்பான். இரண்டாவதில் மெத்தென்ற ஈயக் குண்டு, நகத்தால் கீறினால் கோடு விழும். மானுக்கு அது போதும். மூன்றாவது டின்னில் இருந்தவைதான் அவன் பிள்ளைகள். பழைய கார்ச் சக்கரத்து எடைக்கட்டிகளை உருக்கி அவனே வார்த்தவை. பெருவிரல் தடிமன், சப்பை மூக்கு, நகம் பதியாத கடினம். கரடிக்கும் மூஸ் என்கிற ராட்சத மானுக்கும் அதுதான். புதர்க்காட்டில் மானுக்கும் அதுவேதான் என்று அவன் அடித்துச் சொல்வான்.

"வேகமா போற சின்னக் குண்டு ஒரு சுள்ளிக்குக்கூட பயந்து ஒதுங்கும். இது கனம், நிதானம். கிளையைப் பாத்து இது வளையாது. கிளைதான் வழி விடணும்."

அதற்கு அத்தாட்சியாகக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகையை மாட்டிவைத்திருந்தான். சரளைக்கல் பள்ளத்தில் கைத்தடி தடிமனுள்ள ஆல்டர் புதர்க் கிளைகளை நட்டு, அவற்றுக்குப் பின்னால் இந்தப் பலகையை நிறுத்திச் சுட்டுக்காட்டியது. கிளைகள் முறிந்து தொங்கின, பலகையில் நட்டநடுவே ஓட்டை. பார்த்தவர்களில் நானும் ஒருவன். புதிதாக வருகிற ஒவ்வொருவனும் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்க்காமல் போனதில்லை.

இந்த மரியாதை அவனுக்குப் பிறவியில் வந்ததல்ல. உருளைக்கிழங்கு நிலத்தில் பிறந்தவன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அடெலார் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் வெட்டப் போய், அந்தச் சம்பளத்தில்தான் ஃபெர்னானை வளர்த்தான். தம்பிக்கு முதல் காலணி, முதல் துப்பாக்கி, கல்யாணக் கோட்டு, எல்லாம் அவன் வாங்கிக் கொடுத்தவை. தனக்கென்று பெண் பார்க்க நேரமில்லாமல் போயிற்று. அப்புறம் ஒரு குளிர்காலத்தில் வெட்டிய ஸ்ப்ரூஸ் மரம் தப்பான பக்கம் சாய்ந்து அவன் இடுப்பை நசுக்கிவிட்டது. பிழைத்தான். ஆனால் வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். காட்டுவேலை போனது. அதற்குப் பிறகு ஊர் அவனிடம் வந்து கேட்ட ஒரே விஷயம் குண்டு. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிறு மதியம் அவனுக்குத் தம்பி வீட்டில்தான் சாப்பாடு. கோலெட்டின் மேசையில் ஜன்னல் பக்கம், காலை நீட்டி உட்கார வசதியாக, அவனுக்கென்று ஒரு நாற்காலி. உலகத்தில் அவனுக்கு வீடு என்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அடெலார், ஃபெர்னான், நான், மூன்று பேரும் மான் விரட்டப் போனோம். எங்கள் பக்கத்தில் சட்டப்படி மூன்று பேருக்கு மேல் சேர்ந்து விரட்டக் கூடாது. ஒருவன் புதருக்குள் சத்தம் போட்டுக்கொண்டே நடப்பான், மற்ற இருவர் காத்து நிற்பார்கள். அடெலாரால் நடக்க முடியாது, அதனால் அவன் எப்போதும் நிற்கிறவன். யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறவனும் அவன்தான். விரட்டுகிற வேலை என்னுடையது.

புறப்படுமுன் கோலெட்டின் சமையலறையில் பக்வீட் தோசை சுடச்சுட வந்துகொண்டிருந்தது. அடெலார் கரண்டிக் காம்பால் மேசை விரிப்பில் கோடு கிழித்தான்.

"ரெண்டு வருஷமா அந்தக் கொம்பு மான் ஓடையில பீவர் கட்டின அணைப் பக்கமாத்தான் தப்பிச்சுப் போறான். ஃபெர்னான், நீ இந்தத் தடவை வயல் ஓரத்துல நிக்காதே. அணைக்கட்டுல நில்லு. நான் தடத்துமேல இருக்கேன்."

ஃபெர்னான் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினான். "அணையில நின்னா உன் துப்பாக்கிக்கு ரொம்பக் கிட்ட இல்ல? நடுவுல பூரா ஆல்டர் புதர் வேற."

"மான் வந்தா நான் மேட்டைப் பாத்துச் சுடுவேன். நீ நிக்கிறது என் குண்டு போற கோட்டுக்கு எடது பக்கம், ஒரு கொட்டகைக் கதவு அகலம் தள்ளி. என் குண்டு எடது வலது பாக்காது, தெரியுமில்ல? பயமா இருந்தா வீட்டுலயே இரு. கோலெட்டுக்குப் பாத்திரம் கழுவிக் குடு."

எல்லோரும் சிரித்தோம். ஃபெர்னானும்தான். கோலெட் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

நான் கீழ்ப்புறம் தேவதாரு சதுப்பில் இறங்கி, கத்திக்கொண்டும் மரத்தைத் தட்டிக்கொண்டும் மேலே வந்தேன். முந்தின நாள் பெய்த பனி முழங்காலுக்குக் கீழே இருந்தது. மான் எழுந்து ஓடிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு வெடி. அந்தப் பெரிய துப்பாக்கியின் சத்தம் தனி, மண்ணில் மூட்டையைப் போட்டது மாதிரி இருக்கும். ஒரே ஒரு வெடிதான்.

"விழுந்துச்சா?" என்று அடெலார் மேலேயிருந்து கத்தினான்.

நான் தடம் பார்த்துப் போனேன். மான் குதித்துப் போயிருந்தது, பனியில் ஒரு சொட்டு ரத்தமில்லை. அடெலார் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு ஆல்டர் கிளை புதிதாக முறிந்து வெள்ளையாகத் தெரிந்தது. ஃபெர்னானைக் கூப்பிட்டேன். பதிலில்லை. திட்டிக்கொண்டே அணைப் பக்கம் போனேன்.

அவன் அணைக்கட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஆரஞ்சு மேல்சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, எல்லாம் முறைப்படி போட்டிருந்தான். கண் திறந்திருந்தது. மார்பைப் பார்த்த பிறகு நான் அவனைத் தொட்டுப் பார்க்கவில்லை, தேவைப்படவில்லை. அடெலாரைக் கத்திக் கூப்பிட்டேன்.

அடெலார் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர வெகு நேரமாயிற்று. பார்த்தான். தன் கோட்டைக் கழற்றித் தம்பிமேல் போர்த்தினான். பிறகு என்னிடம் திரும்பி, "யாருடா சுட்டது?" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"நான் மேட்டைப் பாத்துச் சுட்டேன். இந்தப் பக்கம் சுடல. யாரோ சுட்டிருக்கான். எவன்டா இங்க வந்தவன்? யாருடா?"

புதரைப் பார்த்து, காட்டைப் பார்த்து, அந்த யாரோ ஒருவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அந்தக் காட்டில் வேறு யாரும் இல்லை.

விசாரணைக்கு வந்த வனக் காவலர் ஹாஸ்கெல் மாநிலத்தின் தென்பக்கத்து ஆள், எங்கள் ஊரில் பேசுகிற பிரெஞ்சு தெரியாதவர், பொறுமையான மனிதர். கயிறு பிடித்து அளந்தார், படம் எடுத்தார். குண்டு கிடைத்தது. அடெலாரின் துப்பாக்கிதான் என்பதில் சந்தேகமே இல்லை. அவர் அடெலாரை என் முன்னால் வைத்துத்தான் கேட்டார், நான் மொழி மாற்றிச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் சுட்டே?"

"மேட்டுப் பக்கம்."

"குண்டு கிளையில பட்டுத் திரும்பியிருக்குமா?"

"என் குண்டு திரும்பாது."

"ரெண்டும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாதே" என்றார் ஹாஸ்கெல். "திரும்பலைன்னா நீ உன் தம்பி நின்ன பக்கமாத்தான் சுட்டிருக்கே. ஆள் நிக்கிறான்னு தெரிஞ்சும் சுட்டவனுக்கு ஜெயில். யோசிச்சுச் சொல்லு."

அடெலார் யோசிக்கவில்லை. மேட்டுப் பக்கம்தான் சுட்டேன், என் குண்டு திரும்பாது. தலைகீழாக நின்றாலும் அந்த இரண்டு வாக்கியத்தைத் தாண்டி அவன் வரமாட்டேன் என்றான். ஹாஸ்கெல் ஊரில் விசாரித்தார். கனமான குண்டு கிளையில் பட்டால் திரும்புமா என்று வீடு வீடாகக் கேட்டார். அத்தனை பேரும் திரும்பாது என்று சொன்னார்கள். ஆல்சிட் பலகையின் ஓட்டையைப் பற்றியும் சொன்னான். அடெலாருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்கள், படுபாவிகள். ஒவ்வொரு வாக்குமூலமும் அவன் கழுத்துக் கயிற்றை இறுக்கியது.

வக்கீல் வந்து, "திரும்பிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று கெஞ்சினார். மாட்டவே மாட்டேன் என்றான். வறட்டுக் கௌரவம் என்று நினைத்தேன். அவன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தையில்லை.

ஜாமீனில் வெளியே இருந்த அவனுக்கு ஜெயில் பற்றிக் கவலை இருந்த மாதிரி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோலெட் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். இறங்கமாட்டான். மார்ச் மாதம் ஒரு ஞாயிறு கோலெட் வெளியே வந்து வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள். நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன்.

"அடெலார், எனக்கு ஒண்ணு தெரியணும். குண்டு நேரா போச்சுன்னா, அவன் அங்க நிக்கிறது தெரிஞ்சே அந்தப் பக்கம் சுட்டிருக்கே. மானைப் பாத்த வெறியில உனக்கு அவன் ஞாபகமே வரல. திரும்பிச்சுன்னா அது விபத்து. இதுல எதுன்னு தெரியாம உன்னை என் மேசையில உக்கார வெச்சு சூப்பு ஊத்த என்னால முடியாது."

"திரும்பாது, கோலெட்."

"சுட்டுக் காட்டு."

அவன் துப்பாக்கி ஹாஸ்கெலிடம் இருந்தது. ஃபெர்னானுடையதும் அதே ரகம், அடெலார் வாங்கிக் கொடுத்ததுதான். மூன்றாவது டின்னிலிருந்து குண்டுகள். அடெலார் ஆயுதத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு, அதனால் சுடுகிற வேலை எனக்கு. மறுநாள் சரளைக்கல் பள்ளத்துக்குப் போனோம். கோலெட் ஒரு மூட்டையைக் கொண்டுவந்திருந்தாள்.

அடெலார் ஆல்டர் கிளைகளை வெட்டி வரிசையாக நட்டான். சுவரிலிருந்து கழற்றிவந்த அந்தப் பலகையை அவற்றுக்குப் பின்னால் நிறுத்தினான். நான் சுட்டேன். கிளை முறிந்தது. பலகையில், பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே, புது ஓட்டை.

"பாத்தியா?" என்றான். அந்த நாலு மாதத்தில் அவன் முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்திருந்தது.

கோலெட் பலகையைப் பார்க்கவில்லை. கிளைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை நீட்டினால் எட்டிவிடும்.

"ஃபெர்னான் இங்கயா நின்னான்?" என்று கேட்டாள்.

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பள்ளத்தின் கடைசிவரை, தடத்துக்கும் அணைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் போனாள். மூட்டையில் இருந்தது கட்டில் விரிப்பு, வெள்ளை, இரண்டு பேர் படுக்கிற அகலம். இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிற்றில் அதைக் கட்டினாள். அடுப்புக்கரியால் நடுவில் ஒரு சிலுவைக்குறி போட்டாள். திரும்பி வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

முதலில் கிளை இல்லாமல் ஒன்று சுடச் சொன்னாள். சிலுவையின் மேலேயே பட்டது. பிறகு கிளைகளின் ஊடாக. ஒரு சாண் தள்ளி ஓட்டை. அடுத்தது கிளையை நடுவில் அடிக்காமல் விளிம்பைச் சீவிக்கொண்டு போனது. விரிப்பின் ஓரத்தில் நீளமாக ஒரு கிழிசல், குண்டு குப்புற விழுந்த மாதிரி பக்கவாட்டில் புகுந்திருந்தது. அதற்கடுத்தது விரிப்பிலேயே இல்லை. தேடிக்கொண்டு போனேன். இடது பக்கம், விரிப்பைத் தாண்டி, பனிச் சரிவில் புகுந்திருந்தது. ஒரு கொட்டகைக் கதவு அகலம் இருக்கும்.

நான் திரும்பி வந்தபோது அடெலார் பனியில் உட்கார்ந்திருந்தான். கெட்ட காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சரிந்து.

"திரும்புது" என்றான். "ரெனோ, திரும்புதுடா."

எனக்கு உண்மையிலேயே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "விபத்துதான் கோலெட். மேட்டைப் பாத்துத்தான் சுட்டிருக்கான். அவன் பொய் சொல்லல. முடிஞ்சுது, வா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

கோலெட் விரிப்பை அவிழ்த்துக்கொண்டு வந்து மடித்துக்கொண்டிருந்தாள். மூலைக்கு மூலை சரியாக வைத்து, அலமாரியில் அடுக்கப் போவது மாதிரி மடித்தாள்.

"அவன் உன்னைக் கேட்டான்" என்றாள் அடெலாரிடம். "என் அடுப்படியில உக்காந்து கேட்டான். ரொம்பக் கிட்ட இல்லயான்னு. நீ என்ன சொன்னே?"

அடெலார் காலை இழுத்து எழுந்திருக்கப் பார்த்தான்.

"சொல்லு. என்ன சொன்னே?"

"பயமா இருந்தா வீட்டுலயே இருன்னேன்."

"அப்புறம்?"

"பாத்திரம் கழுவுன்னேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவன் ஏன் அந்த ஒரு வார்த்தையை வக்கீலுக்குக் கொடுக்கவில்லை என்று. நேராகப் போயிருந்தால் அவன் தப்பு ஒரு நொடித் தப்பு. திரும்பியிருந்தால், அதைத் திரும்பாது என்று சொல்லித் தம்பியை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அவன். இத்தனை வருஷம் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி நிறுத்தியது. அதைவிட ஜெயில் மேல் என்று நினைத்திருக்கிறான்.

கோலெட் விரிப்பை ஹாஸ்கெலிடம் கொடுத்தாள். வழக்கு விழுந்துவிட்டது. இனி வேட்டை உரிமம் கிடையாது என்பதோடு அடெலாரை விட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நான் சாப்பிடப் போனபோது ஜன்னல் பக்கத்து நாற்காலி வெளியே விறகு அடுக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலி வெளியே கிடந்தது, அவ்வளவுதான். அடெலாரின் வண்டி வந்தது, நின்றது, போய்விட்டது. பிறகு வரவில்லை.

இதையெல்லாம் விட எனக்கு வயிறெரிந்தது அடுத்த அக்டோபரில். சனிக்கிழமை வழக்கம்போல ஆட்கள் கொட்டகைக்கு வந்தார்கள். ஆல்சிட் தன் தம்பி பத்ரீஸைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"மூணாவது டின்னு குடு. அதே புதருதான் இந்த வருஷம்."

"அது திரும்பும்டா" என்றான் அடெலார். "நானே பாத்தேன். கிளையில பட்டா எங்க வேணா போவும். தம்பியை அணைப் பக்கம் நிறுத்தாதே."

ஆல்சிட் அவன் தோளில் தட்டினான். "வக்கீல் சொல்லிக்குடுத்ததை எங்ககிட்டயுமா சொல்லணும்? எங்களுக்குத் தெரியாதா? விடு, உன் தலையெழுத்து அப்படி. யாரும் உன்னைத் தப்பா நினைக்கல."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவன் இத்தனை வருஷம் சொன்ன தப்பை நம்பியவர்கள் அவன் கண்ணால் பார்த்துச் சொன்ன உண்மையை நம்பவில்லை. ஆல்சிட் தானே கை நீட்டி டின்னை எடுத்துக்கொண்டான். போகிற வழியில் பத்ரீஸ் பலகையின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். அடெலார் அதைத் திரும்ப மாட்டவில்லை, தரையில் சாய்த்து வைத்திருந்தான். பத்ரீஸ் குனிந்துதான் விரலை விட்டான்.

நவம்பர் பிறந்து வேட்டை தொடங்கிய திங்கட்கிழமை நான் கிழங்கு லாரியோடு அந்த வழியாக வந்தேன். தடத்துமேல் ஆல்சிட் நின்று கத்திக்கொண்டிருந்தான். கீழே அணைக்கட்டில் பத்ரீஸ். அவனுக்கு முன்னால், மார்போடு மார்பாக இடித்துக்கொண்டு, ஆரஞ்சுக் கோட்டில் அடெலார். கையில் துப்பாக்கி இல்லை.

"தள்ளுடா கிழட்டுப் பயலே! நீ அங்க நின்னா நான் எப்படிச் சுடுறது? வனக் காவலரைக் கூப்பிட்டுருவேன்!"

"கூப்பிடு" என்றான் அடெலார். "சுட முடியாதுல்ல? அதுக்குத்தான் நிக்கிறேன்."

நெடுநேரம் நின்றான். கடைசியில் ஆல்சிட் காறித் துப்பிவிட்டுத் தம்பியை வயல் ஓரத்துக்குப் போகச் சொன்னான்.

நான் லாரியை நேராகக் கோலெட் வீட்டுக்கு ஓட்டினேன். அவளிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலி உள்ளே வரும் என்று ஒரு நப்பாசை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அந்தக் காலை வெச்சுக்கிட்டு அணைவரைக்கும் நடந்து போனானா?"

"போயிருக்கான்."

"போன வருஷம் போயிருக்கணும்" என்றாள் கோலெட். ஒரு தட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். பிறகு அடுத்த தட்டை எடுத்தாள்.